தாளா, படிவமா, கணினியா: சின்ன ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்புக் கோளாறை எப்படி எழுதி வைப்பது?

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். "தம்பி, நீ ராத்திரி பூரா அமெரிக்காக்காரன் கேஸ் ஷீட்டைத்தான் படிக்கிறியாம். நம்மகிட்ட ஒருத்தன் சாஃப்ட்வேர் விக்க வந்திருக்கான். வாங்கலாமா, இல்ல இப்படியே எழுதிக்கிட்டுக் கிடக்கலாமா?"

நான் மெடிக்கல் கோடர். எங்கள் ஊரில் கோடிங் என்றாலே புரோகிராம் எழுதுகிறவன் என்று நினைத்து, பக்கத்து வீட்டு அக்கா வைஃபை சரி செய்யக் கூப்பிடுவார். என் வேலை வேறு. டாக்டர் எழுதியதைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடுவது. சென்னைக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அதிலும் எனக்கு வருவது பெரும்பாலும் இதயத் துடிப்புக் கோளாறு சார்ட்டுகள்தான். டாக்டரிடம் ஒரு வாரம் டைம் கேட்டேன். கேட்டதற்குக் காரணம் சாஃப்ட்வேர் விலை இல்லை, என் பெரியப்பா.

பெரியப்பாவுக்கு 67 வயது, பிரஷர் உண்டு. நாட்டுப்படகில் இன்னமும் போவார். ஒரு விடியற்காலை கரைக்கு வந்ததும் "நெஞ்சு மிஸ்ஸிங் அடிக்குதுடா" என்றார். டீசல் இன்ஜின் ஒரே சீராக ஓடாமல் விட்டு விட்டு அடித்தால் சொல்கிற வார்த்தை. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சீட்டில் 'பால்பிட்டேஷன், ஈசிஜி எடுக்கப்பட்டது' என்று ஒரே வரி. பால்பிட்டேஷன் என்றால் படபடப்பு. மதியம் மதுரைக்குக் கொண்டு போய்ச் சேர்ந்தபோது துடிப்பு தானாகவே சீராகிவிட்டது. அங்கே எடுத்த ஈசிஜி நார்மல். துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை மாட்டினார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. "முதல்ல எடுத்த ஈசிஜி எங்கே?" என்றார் அந்த டாக்டர். பெரியம்மா பத்திரமாகத்தான் கொண்டு வந்திருந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, மடியில் வைத்து, பஸ்ஸில் வெயில் பக்க ஜன்னல் ஓரம். தாள் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. கோடு இருந்த இடத்தில் கோடு இருந்தது மாதிரி ஒரு நினைப்புத்தான் இருந்தது.

ஈசிஜி தாள் வெப்பத்தால் கறுக்கிற தாள், மை கிடையாது. வெயிலும் சூடும் ஆகாது, சில வகை பிளாஸ்டிக் கவரும் ஆகாது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. எட்டு மாதம் கழித்து அதே படபடப்பு வந்தது. இந்தத் தடவை ஒரு நர்ஸ் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதாவது மேலறை தாளம் தப்பி நடுங்குவது. ஏஃபிப் என்று சுருக்கிச் சொல்வார்கள். மேலறை சரியாகச் சுருங்காததால் ரத்தம் தேங்கி உறைந்து, கட்டியாகி மூளைக்குப் போகலாம். அந்த ஆபத்தை மதிப்பெண் போட்டுக் கணக்கிடுவார்கள். பிரஷர் இருப்பதற்கு ஒரு மதிப்பெண், 65 தாண்டியதற்கு ஒன்று, ஆக இரண்டு. ஆணுக்கு இரண்டு வந்தால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பதே வழக்கம். அந்த எட்டு மாதம் அவர் எந்த மருந்தும் இல்லாமல் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே டாக்டருக்கு வழிகளை ஒப்பிட்டுச் சொல்லும்போது என் அளவுகோல் ஒன்றுதான். துடிப்பு தப்பிய அந்த அரை மணி நேரம், நோயாளி பாம்பன் பாலத்தைத் தாண்டி மதுரை போய்ச் சேரும்போதும் தாளில் உயிரோடு இருக்குமா? பில், ஆடிட், கிளெய்ம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். நம் கரையில் இது முக்கியம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து மதுரை இன்னும் நூறுக்கு மேல். ராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல்தான். இருந்தாலும் சில கோளாறுகள் ஆம்புலன்ஸ் வரும்வரைகூட நிற்பதில்லை. முதலில் பார்த்தவர் எழுதியதே சாட்சி.

சரி, எழுத வேண்டியது என்ன என்று பார்த்துவிட்டு வழிகளுக்கு வருவோம்.

நோய்களுக்கு எண் கொடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் ஏஃபிப்புக்கும் அதன் பங்காளியான ஃபிளட்டருக்கும் (மேலறை ஒழுங்காக, ஆனால் அளவுக்கு மீறி வேகமாக அடிப்பது) வீடு ஐ48. அதற்குள் ஐ48.0 என்றால் வந்து வந்து போவது, பொதுவாக ஏழு நாளுக்குள் அடங்கிவிடும். ஐ48.1 ஏழு நாளைத் தாண்டியும் நிற்பது. ஐ48.2 நாள்பட்டது. 48.3-ம் 48.4-ம் ஃபிளட்டரின் இரண்டு வகைகள். ஐ48.9 எந்த வகை என்று சொல்லாதது. அமெரிக்கர்கள் இதையே இன்னும் பொடியாக நறுக்கிவிட்டார்கள். 2019 அக்டோபரிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் நீடிப்பதற்கு 48.11, மற்ற நீடிப்புக்கு 48.19, 'இனி தாளத்தைத் திருப்ப முயல்வதில்லை' என்று டாக்டரும் நோயாளியும் முடிவெடுத்ததற்கு 48.21. இந்தக் கடைசி வகை எனக்குப் பிடிக்கும். நோயின் பெயருக்குள்ளேயே இரண்டு பேர் எடுத்த ஒரு முடிவு உட்கார்ந்திருக்கிறது. ஈசிஜியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது. யாராவது எழுதினால்தான் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். படபடப்பு என்று மட்டும் எழுதினால் அதற்கு ஆர்00.2. அது அறிகுறி, நோய் இல்லை. பெரியப்பாவின் முதல் சீட்டை எந்தக் கோடர் கையில் கொடுத்தாலும் அதைத்தான் போடுவார், நானும் அதைத்தான் போடுவேன். மெஷின் தாளின் தலையில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று அச்சாகியிருந்தாலும் அதை வைத்து எண் போடக் கூடாது. கை நடுக்கத்தையும் இடையில் வரும் கூடுதல் துடிப்பையும் மெஷின் ஏஃபிப் என்று சொல்லிவிடும். அதனால் டாக்டர் பார்த்து, தன் வார்த்தையில் எழுத வேண்டும். அமெரிக்காவில் ஈசிஜியைப் படித்ததற்கு மட்டும் 93010 என்று தனி எண் இருக்கிறது. 'ஈசிஜி பார்த்தேன்' என்று மட்டும் எழுதிவிட்டு அந்தக் காசைக் கேட்க முடியாது. விளக்கம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி வழிகள்.

முதலாவது, டாக்டர் இப்போது செய்வது. கோடு போட்ட கேஸ் ஷீட், பேனா. இதைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. நான் செய்ய மாட்டேன். அவருடைய பழைய ஷீட்டுகளில் நாற்பது வரை புரட்டினேன். 'நேற்று ராத்திரி பதினோரு மணி வாக்கில் வலை இழுக்கும்போது ஆரம்பித்தது' என்று ஒன்றில் இருந்தது. எந்தச் சாஃப்ட்வேரும் இப்படி ஒரு வரியைத் தராது. அந்த வரியின் மதிப்பு பெரிது. ஆரம்பித்து 48 மணி நேரத்துக்குள் என்று உறுதியாகத் தெரிந்தால் மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்புவதை உடனே யோசிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால், அல்லது எப்போது என்றே தெரியாவிட்டால், மூன்று வாரம் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து உள்ளே கட்டி இல்லை என்று பார்க்க வேண்டும். 'பதினோரு மணி, வலை' என்ற இரண்டு வார்த்தை மதுரையில் ஒரு டாக்டரின் முடிவையே மாற்றும்.

ஆனால் அந்த நாற்பதில் அப்படி எழுதியிருந்தது ஐந்தாறுதான். கூட்டம் இல்லாத நாட்களில் எழுதியவை. திங்கட்கிழமை ஷீட்டுகளில் 'ஏஃபிப், சிடி ஆல்' என்று முடிந்துவிடுகிறது. சிடி ஆல் என்றால் எல்லா மருந்தையும் தொடரவும். எந்த மருந்து, யார் கொடுத்தது, என்றைக்கிருந்து, ஒன்றும் இல்லை.

இன்னொரு பழக்கம், இதைத் தாளின் குறை என்று சொல்ல முடியாது, நம் டாக்டர்களின் கை வழக்கம். ஹெச்/ஓ என்றும் கே/சி/ஓ என்றும் போடுவது. நம்மூரில் 'ஹெச்/ஓ ஏஃபிப்' என்றால் 'இவருக்கு ஏஃபிப் இருக்கிறது' என்று அர்த்தம். கோடிங்கில் 'ஹிஸ்டரி ஆஃப்' என்றால் இருந்தது, இப்போது இல்லை. இருக்கிற நோயை இல்லாத நோயாக்கிவிடும் இரண்டு எழுத்து அவை. கே/சி/ஓ வேறு விதமாகக் கடிக்கும். 'ஏற்கெனவே தெரிந்த நோயாளி' என்று எழுதிவிட்டு என்றைக்கிருந்து என்று எழுதாமல் விட்டால், தனியார் பாலிசி வைத்திருப்பவரிடம் இன்சூரன்ஸ்காரன் முதலில் அதைத்தான் பிடிப்பான். பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பை 2024 ஏப்ரலிலிருந்து 36 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள், முன்பு 48. மாதக் கணக்குப் பார்க்கிற இடத்தில் தேதி இல்லாத கே/சி/ஓ எழுதுவது, வாதியே பிரதிவாதிக்குச் சாட்சி சொன்ன மாதிரி.

இரண்டாவது வழி, விற்க வந்தவரின் சாஃப்ட்வேர். செய்து காட்டினார், நானும் போய் உட்கார்ந்தேன். நல்ல திரை, நல்ல நிறம். நோய் என்ற கட்டத்தில் 'அரித்மியா' என்று தட்டினால் ஒரு பட்டியல் விழுகிறது. முதல் வரி ஐ49.9, குறிப்பிடப்படாத துடிப்புக் கோளாறு. வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது யாரும் கீழே உருட்டிப் பார்க்க மாட்டார்கள். முதல் வரியைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். பட்டியலை அமெரிக்கப் பதிப்பிலிருந்து அப்படியே இறக்கியிருந்தார்கள். 48.11, 48.19 எல்லாம் இருந்தன. நம் இன்சூரன்ஸ் கிளெய்ம் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்பும் பகுதியில் ஐசிடி-10 எண்ணுக்கு இடம் இருக்கிறது. அதற்கு உலகப் பட்டியலின் நாலு இலக்கமே போதும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கான தொகை பேக்கேஜ் வாரியாகத்தான் முடிவாகிறது. அங்கே ஐந்தாம் இலக்கத்தால் ஒரு ரூபாய்கூட ஏறாது.

அதைவிட எனக்குப் பயம் தருவது 'முந்தைய விசிட்டை நகலெடு' பொத்தான். என் வேலையில் தினமும் இதைப் பார்க்கிறேன். ஜனவரியில் துடிப்பு ஒழுங்கில்லை என்று எழுதியது மார்ச்சிலும் இருக்கும், ஜூனிலும் இருக்கும். நடுவில் அப்லேஷன் (கோளாறு கிளம்பும் இடத்தைச் செயலிழக்க வைக்கும் சிகிச்சை) செய்து தாளம் சரியாகியிருக்கும். ஈசிஜி சீராக இருக்கிறது என்று மேலே, துடிப்பு தாறுமாறு என்று கீழே, இரண்டும் ஒரே பக்கத்தில். கிறுக்கல் கையெழுத்தைப் புரியவில்லை என்று சொல்லிவிடலாம். நகல் அழகாக இருக்கும், புரியும், பொய்யாக இருக்கும்.

சாஃப்ட்வேருக்கு நியாயமான இடம் இல்லையா என்றால் இருக்கிறது. ஷிஃப்டுக்கு ஒரு டாக்டர் மாறும் இடம், கேஷ்லெஸ் கிளெய்ம் தினமும் போகும் இடம், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வரிசையாகப் பரிசோதனைக்கு வரும் இடம், இங்கெல்லாம் அது இல்லாமல் முடியாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவரின் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறதா என்று ஆறு மாத வரிசையை ஒரே பார்வையில் காட்டுவதில் தாள் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு வருடம் கழித்து வாங்கலாம் என்றேன். இப்போது அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், இரண்டு சிஸ்டர், காற்று பலமாக அடித்தால் போகும் கரண்ட்.

மூன்றாவது வழி, பார்ட் டைமுக்கு ஒரு கோடரை வைத்து, எழுதியதை வாராவாரம் படித்துத் திருத்துவது. "நீயே செய்யேன் தம்பி" என்றார் டாக்டர். காசு வரும் வேலைதான். வேண்டாம் என்று நானே சொன்னேன். கோடருக்குச் சந்தேகம் வந்தால் டாக்டரிடம் குவெரி போடலாம். அதற்கும் ஒழுங்கு உண்டு. 'பெர்சிஸ்டன்ட் (நீடிப்பது) என்று போட்டுக்கொள்ளட்டுமா சார்?' என்று கேட்கக் கூடாது, அது பதிலை வாயில் ஊட்டுவது. சார்ட்டில் இருப்பதைக் காட்டி, வகைகளைக் கொடுத்து, 'வேறு', 'சொல்ல முடியாது' என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அவ்வளவு ஒழுங்காகக் கேட்டாலும், போன வியாழக்கிழமை பார்த்தவரின் நாடியை அடுத்த புதன்கிழமை யார் ஞாபகம் வைத்திருப்பார்? எழுதாமல் விட்டதை ஒரு கோடரால் கொண்டு வர முடியாது. இருப்பதை ஒழுங்குபடுத்தலாம், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை பத்து ஷீட்டைப் புரட்டி எது தொடர்ந்து விடுபடுகிறது என்று சொல்கிறேன், காசு வேண்டாம், மீன் கிடைத்தால் சரி என்றேன்.

நாலாவதாக ஒன்றை டாக்டரின் மகன் சொன்னார். ஆபா எண், அதாவது அரசு தரும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண், 14 இலக்கம், எல்லாம் அதிலேயே ஏறிவிடும் என்று. எடுத்து வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது ஒரு அலமாரி. உள்ளே என்ன வைக்கிறோம் என்பது வேறு கேள்வி.

நான் தேர்ந்தெடுத்தது ஐந்தாவது. விலை, ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். கேஸ் ஷீட்டுக்குள் செருகும் ஒரு அரைப்பக்கப் படிவம். துடிப்புக் கோளாறு என்று சந்தேகம் வருகிறவர்களுக்கு மட்டும். முதலில் நான் போட்டதில் பதினெட்டுக் கட்டம் இருந்தது. சிஸ்டர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதை நிரப்புறதுக்குள்ள அவருக்குத் துடிப்பு சரியாயிடும் சார்" என்றார். வெட்டி வெட்டி ஏழுக்குக் கொண்டு வந்தோம்.

எப்போது ஆரம்பித்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது: இதற்குக் கட்டம் கிடையாது, இரண்டு வெற்று வரி. வலை, பதினோரு மணி எல்லாம் இங்கே வர வேண்டும். பாசி எடுக்கக் கடலுக்குள் போகும் பெண்கள் பலர் காலையில் சாப்பிடாமல் போவார்கள். அவர்களின் படபடப்பு ரத்தச்சோகையாகவோ நீர் வற்றியதாகவோ இருக்கலாம், அது வெளிப்படுவதும் இந்த வரியில்தான். அடுத்து ஈசிஜி எடுத்த நேரம், தேதி மட்டும் போதாது. மூன்றாவது டாக்டர் தன் கையால் எழுதும் தாளத்தின் பெயர். சந்தேகம் என்றால் 'சந்தேகம்' என்றே எழுதலாம், அப்போது புற நோயாளிக்கு அறிகுறியின் எண்தான். நாலாவது வகை. ஐந்தாவது வால்வு நோய் உண்டா இல்லையா. ஒற்றை வார்த்தைதான், ஆனால் வாத காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் இன்னமும் நிறைய. அவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கும் புது மாத்திரைகளில் ஒன்றைவிட வார்ஃபரின் வகையே மேல் என்று 2022-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. மதுரை டாக்டர் மருந்து எழுதுமுன் கேட்கும் கேள்வி இது. ஆறாவது ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தின் பெயர், தொடங்கிய நாள், இல்லையென்றால் ஏன் இல்லை. ஏழாவது, அனுப்பும்போது தாளம் எப்படி இருந்தது.

கட்டம் போட்ட படிவத்துக்கு என்ன கெடுதல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பழகிவிட்டால் கண் பார்க்காமலே கை டிக் அடிக்கும். அதனால்தான் ஏழில் டிக் போடுவது வால்வு ஒன்றுக்கு மட்டும். மற்றதெல்லாம் எழுத வேண்டும். வகைக்கு டிக் வைக்கவே இல்லை. முதல் தடவை வந்தவருக்கு வகை அன்றைக்கே தெரியாது. ஏழு நாள் நிற்குமா நிற்காதா என்று யார் ஜோசியம் சொல்வது? ஐ48.9-ஐப் பார்த்தாலே எங்கள் ஆடிட்டில் முகம் சுளிப்பார்கள். எனக்கும் முன்பு அப்படித்தான். தெரியாமல் போடும் 48.9 வேறு, சோம்பலில் போடும் 48.9 வேறு. படிவத்தில் அது தெரிய வேண்டும் என்பதற்காக 'தெரியவில்லை, ஏனென்றால்' என்று ஒரு கோடு போட்டு வைத்தோம்.

அப்புறம் ஈசிஜி தாள். எடுத்த உடனே, நோயாளியின் பெயரும் நேரமும் தெரிகிற மாதிரி படம். ஒரு ஜெராக்ஸ், அதை ஷீட்டோடு குத்துவது. அசல் தாள் சாதாரணக் காகித உறையில், நோயாளி கையில். படம் எடுப்பது சிஸ்டரின் சொந்தப் போனில் வேண்டாம் என்று வற்புறுத்தினேன். கல்யாண ஆல்பத்துக்கும் சமையல் வீடியோவுக்கும் நடுவில் யாரோ ஒருவரின் நெஞ்சு கிடக்கக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கென்று ஒரு போன், அதற்கு ஒரு பூட்டு.

டாக்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா? நான் லட்ச ரூபாய்க்குத் தயாரா இருந்தேனேடா" என்றார். ஏமாற்றம் மாதிரியும் இருந்தது, நிம்மதி மாதிரியும் இருந்தது. நூறு பிரதி எடுக்க ஆள் அனுப்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் பத்தைப் புரட்டப் போனேன். மூன்றில் நேரம் இல்லை. ஒன்றில் மருந்தின் பெயருக்குப் பதில் 'வெள்ளை மாத்திரை' என்று இருந்தது. ஐந்தாவது தாளில் சிஸ்டரின் கையெழுத்து, பாம்பனிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு. 'காலை 5.30, தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றபோது. ஈசிஜி 6.10. கிளம்பும்போது 7.05, சீராகிவிட்டது.' தாளத்தின் பெயரை டாக்டர் எழுதியிருந்தார், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வகை என்ற இடத்தில்: 'தெரியவில்லை, ஏனென்றால் இதுதான் முதல் தடவை.' பக்கத்தில் பென்சிலால் ஐ48.9 என்று போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.